நாற்பத்தொரு பாகங்கள் உள்ள எந்திரம்

அந்த எந்திரத்தில் மொத்தம் நாற்பத்தொரு பாகங்கள். எண்ணியவன் நான். ஒவ்வொரு பாகத்திலிருந்தும் மெல்லிய கோடு இழுத்து, அதன் நுனியில் எண் போட்டவனும் நான்தான். நாற்பத்தொன்றும் அதனதன் இடத்தில் சரியாக இருந்தன. அது ஓடாது என்பது ஒன்றுதான் குறை. குறைக்கு எண் போடும் வழக்கம் காப்புரிமைப் படங்களில் இல்லை.

பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருடம் ஏழு மாதம் மதகுக்கும் கலுங்குக்கும் படம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு திருப்பரங்குன்றத்தில் வீடு. வாசலிலிருந்து நானூற்றுப் பதினெட்டுக் காலடி வைத்தால் அந்த எந்திரத்துக்காரருடைய கடை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் போவேன். வீட்டில் உட்கார்ந்து மின்விசிறி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுவதைவிட அது மேல். அவர் பெயரை எழுதப்போவதில்லை. சான்றிதழில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, வேண்டுபவர்கள் தேடிக்கொள்ளலாம்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்தெல்லாம் மோட்டாரைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் கால் இடுக்கில் வைத்துக் கொண்டுவருவார்கள். அவர் மூடியைக் கழற்றி, குனிந்து மூக்கை மட்டும் நீட்டுவார்.

"மூணு பேஸ் கரண்டுல ஒரு பேஸ் வரல. வராமயே ஓட்டிருக்கீக."

"இல்லண்ணே."

"ரெண்டு நாளா ஓட்டிருக்கீக."

வந்தவர் தலையைச் சொறிவார்.

புது மோட்டார் வாங்கலாமா என்று யோசனை கேட்பவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான். "எந்த மோட்டாரும் நூறு வாங்கிட்டு நூறு குடுக்காது. நல்ல மோட்டாரு எழுவது குடுக்கும். மிச்சம் சூடாவும் சத்தமாவும் போயிரும்." கல்லூரியில் இதை எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் பதினொரு வகுப்பு எடுத்துக்கொண்டார்.

"உன் மெஷின் மட்டும் எப்படிப்பா நூறு வாங்கிட்டு நூத்தி இருபது குடுக்கும்?" என்று கேட்டேன்.

"அது நம்ம மெஷினாச்சே அண்ணே" என்றார்.



அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. எதுவும் சும்மா போவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. டீக்கடை பாய்லரில் ஆவி மேலே போனால் அதையே பார்த்துக்கொண்டு நின்று, கையிலிருக்கும் டீயை ஆறவிடுவார். ஒருமுறை மாட்டுத்தாவணியில் நானும் அவரும் பஸ்ஸுக்காக நின்றோம். நின்ற நேரத்தில் ஐம்பத்து மூன்று பஸ்கள் உள்ளே வந்தன.

"அம்பத்தி மூணு தடவ பிரேக்கு அண்ணே. அம்புட்டு வேகத்தையும் தேச்சுத் தேச்சுச் சூடாக்கித் தூரப் போட்டுட்டானுக" என்றார், பெட்டியைத் தொலைத்தவர் முகத்தோடு. அந்த ஐம்பத்து மூன்றில் நாங்கள் ஏற வேண்டிய பஸ்ஸும் ஒன்று. அதுவும் போய்விட்டது.

ரயில் நிலையத்து மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது இன்னொரு கவலை. "ஏறுறப்ப சோத்துத் தெம்பு செலவாகுது, சரி. எறங்குறப்ப அது எங்கண்ணே போகுது?"

"முழங்காலுக்குப் போகுது" என்றேன். என் முழங்காலைத்தான் சொன்னேன். அவர் நின்று, சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

கடைக்குப் பின்னால் அவர் வீடு. வீட்டுக் கதவில் ஒரு கம்பியும், கம்பியில் ஓர் அடிபம்பும் கோத்திருந்தார். கதவைத் தள்ளுகிறவர் ஒவ்வொரு முறையும் அரைச் செம்புத் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றிவிட்டுத்தான் உள்ளே வர முடியும். பால்காரர் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். சம்பந்தி வீட்டார் வந்த அன்று ஐந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். எனக்கு வலது தோள் இன்றைக்கும் சரியில்லை. அவர் மனைவி கொல்லை வழியாகவே போய்வந்தார். ஆனால் அந்தக் கதவு வேலை செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்த் தோள்களில் இருந்த பலமெல்லாம் அவர் வீட்டு மாடிக்கு ஏறியது. இயற்பியல் விதி எதுவும் மீறப்படவில்லை. மரியாதை விதிகள் மட்டும் சில மீறப்பட்டன.

மீறலுக்கு வருகிறேன். அவருடைய எந்திரம் இதுதான்: மோட்டார் கிணற்றுத் தண்ணீரை மேலே ஒரு தொட்டிக்கு ஏற்றும். தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே விழுந்து ஒரு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் ஒரு டைனமோவைச் சுற்றும். டைனமோவில் வரும் கரண்டு அதே மோட்டாரை ஓட்டும். விழுந்த தண்ணீர் வயலுக்குப் போகும். மின் இணைப்பு வேண்டாம், டீசல் வேண்டாம், வெயில் வேண்டாம், காற்று வேண்டாம். மோட்டாருக்கும் டைனமோவுக்கும் ஒன்றின்மேல் ஒன்றுக்கு நன்றியுணர்வு இருந்தால் போதும், எந்திரம் பூமி உள்ளவரை ஓடும்.

படம் வரைய ஆள் தேடினார். வேலையில்லாமல் இருந்தேன், வரைந்து கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான். பதினான்கு முறை திருத்தி வரைந்தேன். கோடு சுத்தமாக வர வேண்டும் என்பதற்காகத்தான், வேறு காரணம் இல்லை.

ஊருக்குள் ஒரு ஏஜெண்டைப் பிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. முதல் பதிலில், இது இயற்கை விதிக்கு முரணாக இருக்கிறது என்று ஓர் அதிகாரி ஒழுங்காக எழுதியிருந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை வந்தது. ஏஜெண்டு கவலைப்படவில்லை.

"ஓடும்னு ஏன் சார் எழுதணும்? அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க" என்றார்.

எழுதவில்லை. 'தானே ஓடும் எந்திரம்' என்று இருந்த இடங்களை, மொத்தம் பத்தொன்பது, அடித்துவிட்டு 'மேம்படுத்தப்பட்ட நீர்ச்சுழற்சி அமைப்பு' என்று போட்டார்கள். என் படங்கள் அப்படியே இருந்தன. அடுத்துச் சில கடிதங்கள், ஒரு விசாரணை. பிறகு அனுமதி வந்துவிட்டது. இதற்குமுன் எவரும் இதைச் செய்ததில்லை என்பது நிரூபணமாகிவிட்டதாம். உண்மைதான். ஏன் செய்யவில்லை என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

விண்ணப்பத்துக்கும் அனுமதிக்கும் இடையில் ஒருநாள் சோதனை ஓட்டம் நடந்தது. கடைக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் சாரம் கட்டி, எல்லாவற்றையும் பொருத்தியிருந்தார். முதலில் வீட்டுக் கரண்டில் ஓடவிட்டார். மேல்தொட்டி நிறைந்ததும் பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். சக்கரம் நிற்கவில்லை. நான் சுற்றுகளை எண்ணத் தொடங்கினேன். நூறு. நூற்றைம்பது. மோட்டார் குழாயில் கொஞ்சமாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இருநூறில் நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். கால் மரத்துப்போனதால் எழுந்தேன். இருநூற்றைம்பதில் சக்கரம் நின்றது. மேல்தொட்டி காலி. முதலில் ஏற்றி வைத்த தண்ணீர் தீரும்வரை ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

"தொட்டி பத்தல" என்றார்.

"பெரிசு வச்சா?"

"பெரிசா வச்சா கூட நேரம் ஓடும். இன்னும் பெரிசா வச்சா இன்னும் ஓடும்."

"ஆத்துக்குக் குறுக்கால வச்சா வருசம் பூரா ஓடும். அதுக்கு அணைன்னு பேரு. ஏற்கெனவே கட்டிட்டாங்கப்பா."

அவர் சிரித்தார். கோபம் வராது அவருக்கு. கேலி செய்பவனுக்கு அதைவிட எரிச்சல் தருவது வேறில்லை.

சான்றிதழையும் நான் வரைந்த படத்தையும் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். கடைவீதிக்காரர்கள் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். 'மண்ணின் மைந்தன், மாபெரும் விஞ்ஞானி' என்று அதில் அவர் கையைக் கட்டி நின்றார், பின்னால் ஒரு ராக்கெட் பறந்தது. ராக்கெட்டுக்கும் நீர்ச்சுழற்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டதற்கு, விஞ்ஞானி என்றால் ராக்கெட் வைப்பதுதான் முறை என்றார் அச்சுக் கடைக்காரர். ஃபிளெக்ஸில் முப்பத்தொரு முகங்கள். முப்பத்தொன்றாவது, கீழ் மூலையில், என்னுடையது. யாரையும் கேட்காமல் போட்டிருந்தார்கள். கழற்றச் சொல்ல நினைத்தேன். அதற்குள் காற்றில் கிழிந்துவிட்டது, பதினேழு நாள் கழித்து.

அந்த ஃபிளெக்ஸ் தொங்கிய நாட்களில்தான் பஞ்சவர்ணம் வந்தார்.

பஞ்சவர்ணத்துக்கு டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கர் கரிசல். அவருடைய தாயும் தகப்பனும் அதே நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். மகள் அதை வாங்கி, கிணறு வெட்டி, பழைய டீசல் எஞ்சினோடு போராடிக்கொண்டிருந்தார். எஞ்சினின் ஏதோ உருப்படியைச் சரிசெய்ய வந்தவர் சான்றிதழைப் பார்த்தார். என் படத்தையும் பார்த்தார். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை வந்து, "எப்பண்ணே நம்ம கெணத்துல மாட்டுவீக?" என்று கேட்டுவிட்டுப் போவார். வரும்போது கத்திரிக்காய் கொண்டுவருவார்.

ஒருநாள் கத்திரிக்காய் இல்லாமல் வந்தார். கையில் ஒரு கடிதம்.

"அண்ணே, கரண்ட் ஆபீஸ்ல இருந்து வந்திருச்சு. ஒம்போது வருசங் கழிச்சு இப்பத்தான் என் நெனப்பு வந்திருக்கு அவுகளுக்கு."

விவசாய இணைப்புக்கு எழுதிக் கொடுத்து வரிசையில் காத்திருந்தவர். முறை வந்துவிட்டது. சம்மதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு முடிய நான்கு நாள் இருந்தது. அதற்குள் கொடுக்காவிட்டால் முறை அடுத்தவருக்குப் போகும். திரும்ப வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

"நல்ல சேதிதானம்மா" என்றேன்.

"என்ன சார் நல்ல சேதி? லைன் வரணும்னா எங்க பெரியப்பா மகன் காட்டுக்குள்ள மூணு போஸ்டு ஊனணும். அவன் மூஞ்சியில முழிச்சே ஆறு வருசமாச்சு. அவன்ட்டப் போயி சம்மதம் கேட்டு நிக்கிறதுக்கு அந்த டீசல் எஞ்சினக் கட்டிக்கிட்டே அழுதுட்டுப் போவேன். அப்பிடியே லைன் வந்தாலும் கரண்டு அவுக விடுற நேரத்துக்குத்தான் வரும். நம்ம மெஷினுக்கு இந்தத் தொந்தரவே இல்லியே." சுவரைக் கை காட்டினார். "சர்க்காரே முத்திர குத்திக் குடுத்திருக்குல்ல. கரண்டு வேணாம்னு எழுதிக் குடுத்துரலாம்னு வந்தேன். ஒரு வார்த்த ஒங்ககிட்டயும் கேட்டுக்கிட்டு."

காப்புரிமை என்பது ஒன்று ஓடும் என்பதற்கான சான்று அல்ல. அந்த யோசனையை வேறொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான காகிதம். ஓடாத எந்திரத்தை எவரும் திருடிக்கொண்டு போகாமல் சர்க்கார் இருபது வருடம் காவல் காக்கிறது என்று அர்த்தம். இதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்ப்பும் வந்தது. பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பினார்.

"சார், படம் போட்டது நீங்கதான. படிச்சவுக. நீங்க சொல்லுங்க. ஓடுமா, ஓடாதா?"

ஓடாது. மூன்றே எழுத்து. கடைக்காரரிடம் அதை நான் நூறு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறேன். அவர் அப்போது மேசைக்குப் பின்னால் ஒரு காயிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் கண்ணாடிக்குள் என் படம், நாற்பத்தொரு எண்களும் வரிசையாக.

"தொட்டியோட கொள்ளளவப் பொறுத்துதாம்மா" என்றேன். "கணக்குப்படி பாத்தா… பெரிய தொட்டியா இருந்தா… ஓரளவுக்கு…"

ஒரு மனிதரை அவருடைய கடையில், அவருடைய சான்றிதழுக்கு முன்னால், வெளியூர்க்காரர் எதிரில் அவமானப்படுத்த வேண்டாம் என்ற நாகரிகம்தான் என்னை அப்படிப் பேசவைத்தது. அந்த நாகரிகத்தின் விலை அந்த அம்மாவின் ஒன்பது வருடம் என்பது சொல்லி முடித்தபிறகே உறைத்தது.

அவர் காயிலைக் கீழே வைத்தார். பஞ்சுக் கழிவில் கையைத் துடைத்தார். விரல் விரலாக, பத்தையும்.

"ஓடும் தாயி. ஆனா ஸ்டார்ட்டிங்குக்குக் கரண்டு வேணும்ல" என்றார்.

"ஸ்டார்ட்டுக்கா? இம்புட்டு நாளா சொல்லலியே?"

"வண்டிக்குச் செல்ஃபு மாதிரி. மொதல்ல சுத்திவிட ஒண்ணு வேணும்ல? படத்துலயே இருக்கு. சார்ட்டக் கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருபத்தெட்டாம் நம்பர்" என்றேன். இருபத்தெட்டு ஒரு போல்ட்டு.

"அப்ப லைன் வேணுமா?"

"வேணும். சம்மதம்னு எழுதிக் குடுத்துருவோம். லைன் வந்ததும் சக்கரத்தக் கொண்டாந்து மாட்டுறேன். வா, நானும் வாரேன். உங்க பெரியப்பா மகன் வீட்டுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்." சட்டையை மாட்டிக்கொண்டு, "அண்ணே, கடையப் பாத்துக்கங்க" என்றபடி கிளம்பிவிட்டார்.

கடையைப் பார்த்துக்கொண்டேன். எரிந்த மோட்டார்கள் பதினெட்டு. அடுத்த நாள் சாயங்காலம்தான் அவரைப் பார்த்தேன். சம்மதக் கடிதம் கொடுத்தாயிற்று. அந்தப் பெரியப்பா மகன் வீட்டிலும் ஒரு மோட்டார் எரிந்து கிடந்ததாம். அங்கேயே தாழ்வாரத்தில் உட்கார்ந்து காயில் கட்டி ஓட்டிக் காட்டியிருக்கிறார். மூன்று போஸ்டுக்கும் இடம் கிடைத்துவிட்டது.

லைன் வந்தது. மோட்டார் ஓடியது. அவர் சொன்ன சொல் தவறாமல் ஒரு சக்கரத்தையும் கொண்டுபோய்க் குழாய் வாயில் பொருத்திவிட்டு வந்தார். நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் விழ, சக்கரம் அழகாகச் சுற்றியது. அதிலிருந்து ஒரு கம்பிகூட எங்கும் போகவில்லை. டைனமோ இல்லை. இருபத்துமூன்று பாகங்கள் குறைவு.

"இந்தச் செல்ஃப எப்பப்பா நிறுத்துவ?" என்று கேட்டேன்.

"நல்லா ஓடுறத ஏண்ணே நிறுத்தணும்?"

இதை நான் விடவில்லை. தினமும் நாலு மணிக்குப் போய், "உன் மெஷின் இன்னும் ஸ்டார்ட் ஆகிட்டு இருக்கா?" என்று கேட்பேன். ஒரு வருடம் ஸ்டார்ட் ஆனது. இரண்டு வருடம் ஸ்டார்ட் ஆனது. உலகத்திலேயே நீளமான ஸ்டார்ட்டிங் என்று அதற்கும் ஒரு காப்புரிமை எழுதிப்போடச் சொன்னேன். "படம் போட்டுத் தாங்கண்ணே, எழுதிருவோம்" என்பார். தன் எந்திரம் கிணற்றடியில் ஓடிக்கொண்டிருப்பதாகவே அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பரிதாபமாகக்கூட இருக்கும். தொழில் இவ்வளவு தெரிந்தவருக்கு இந்த ஒன்று மட்டும் ஏன் மண்டையில் ஏறவில்லை என்று மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், காயில் கட்டிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் சாய்ந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் மூன்றாவது வரிசை, ஏழாவது இலை. எட்டாவது இலையில் பஞ்சவர்ணம் வந்து உட்கார்ந்தார். இரண்டு சாக்குக் கத்திரிக்காய் அவர் கொண்டுவந்ததுதான் என்று சமையல்காரர் சொன்னார்.

"சார், அந்த மெஷினுக்கு இன்னமும் படம் போட்டுக்கிட்டு இருக்கீகளா?"

"இல்லம்மா" என்றேன். பெரிய தொட்டி வைத்து ஒரு படம் பாதியில் இருந்தது. அது கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பதற்காக.

"அப்பன்னா ஒண்ணு சொல்றேன். அண்ணன் இருக்குறவரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். மனசுல வச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அன்னைக்குப் பஸ்ஸுல போறப்பயே அண்ணன் சொல்லிட்டாரு சார். 'தாயி, கரண்ட எதுக்காகவும் விட்டுராத. அந்த மெஷினு ஓடாது. ஓடாதுன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்'னு. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுருச்சு. 'பெறகு ஏண்ணே கடையில ஓடும்னு சொன்னீக? செல்ஃபு அது இதுன்னீக? சக்கரம் கொண்டாந்து மாட்டுறேன்னீக?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

பஞ்சவர்ணம் இலையில் ரசத்துக்குக் குழி செய்துகொண்டே சொன்னார். "'படம் போடுற அண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தாருல்ல. பாவம், அவரு இன்னமும் நம்பிக்கிட்டு இருக்காரு. பதினாலு தடவ வரஞ்சு குடுத்திருக்காரு. தெனம் நாலு மணிக்கு வந்து சக்கரத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. நீ கேட்டப்பக்கூட ஓடாதுன்னு சொல்ல அவருக்கு மனசு வரல பாத்தியா. அவருகிட்ட மட்டும் சொல்லிராத'ன்னாரு."

நான் ஒருநாளும் நம்பியதில்லை என்று சொன்னேன்.

"சரி சார்" என்றார்.

ஆற்றல் அழிவின்மை விதி எனக்குக் கல்லூரியிலேயே தெரியும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் நம்பவே இல்லை என்று மூன்றாவது முறையும் சொன்னேன். பஞ்சவர்ணம் பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, "சாருக்கு இன்னொரு அப்பளம் வைங்கப்பா" என்றார்.